ஏற்காட்டில் ஒரு நாள் முழுக்கக் காபி ருசி பார்த்தோம், பாலும் சிக்கரியும் இல்லாமல்

டபராசெட் (அஸ்தம்பட்டி) | ஞாயிறு, காலை 7.10

பொங்கல் முடிந்த சனிக்கிழமை நண்பர்கள் 6 பேர் ஏற்காடு போய் வந்தோம். ஏரிப் பக்கமே திரும்பவில்லை. காலை 8 மணியிலிருந்து சாயங்காலம் 5 வரை 3 தோட்டங்கள், 14 கோப்பைக் காபி. இன்னும் நாக்கில் அந்த நினைப்பு இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

எங்களில் ஒருவன் புனேயில் வேலை பார்க்கிறான். போன வருடம் நாசிக்கில் திராட்சைத் தோட்டங்களுக்குப் போய் ஒயின் ருசி பார்த்துவிட்டு வந்தவன். அங்கே ஐந்தாறு கண்ணாடிக் கோப்பைகளை வரிசையாக வைத்து, வெள்ளையில் ஆரம்பித்துச் சிவப்பில் முடிப்பார்களாம். எந்தச் சரிவில் விளைந்த பழம், ஜனவரியில் பறித்ததா மார்ச்சில் பறித்ததா என்று சொல்லிக்கொண்டே ஊற்றுவார்களாம். தீபாவளிக்கு வந்தபோது அவன் கேட்டான்: "நம்ம மலையில இருநூறு வருஷமா காபி விளையுது. இது இந்த மேட்டுல விளைஞ்சதுன்னு சொல்லி நமக்கு யாராவது ஒரு டம்ளர் குடுத்திருக்காங்களா?" யாருக்கும் பதில் தெரியவில்லை. அன்றைக்கே தேதி குறித்துவிட்டோம்.

முந்தின நாள் இரவே எல்லோருக்கும் சொல்லி வைத்தோம்: தட்டுவடை செட் வேண்டாம், பூண்டுச் சட்னி வேண்டாம், சென்ட் வேண்டாம், வெற்றிலை பாக்கு கூடவே கூடாது. காலையில் தொட்டுக்கொள்ளச் சர்க்கரை மட்டும் வைத்து 2 இட்லி. கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மெதுவாகவே ஏறினோம். வயிறு புரண்டால் அன்றைய ருசி அத்தனையும் போச்சு.

முதல் தோட்டம் நாகலூர் பக்கம். பறிப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு பழத்தைக் கிள்ளி வாயில் போடச் சொன்னார்கள். சதை என்று பெரிதாக ஒன்றுமில்லை, கொட்டையைச் சுற்றி வழவழவென்று ஒரு இனிப்பு. அவ்வளவுதான். அந்த இனிப்பை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் பாதி ருசி இருக்கிறது என்று அங்கே போய்தான் தெரிந்துகொண்டேன். பறித்த அன்றே பல்பரில் போட்டுத் தோலை எடுத்து, தொட்டியில் ஊறவைத்து, வழவழப்பைக் கழுவிவிட்டுக் காயவைத்தால் ஒரு ருசி. தோலோடு முழுப் பழமாகவே காயவைத்தால் வேறு ருசி. தோலை மட்டும் உரித்து வழவழப்போடு காயவைப்பதும் உண்டு. தொட்டியில் ஊறினது போதுமா என்பதற்கு மேஸ்திரி கையை உள்ளே விட்டுப் பிசைந்து பார்த்தார். கூழாங்கல் மாதிரி நரநரவென்று இருந்தால் கழுவலாமாம். கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. குளிர் கூடினால் ஊறலும் தாமதமாகும், கைக்குத்தான் தெரியும் என்றார்.

அப்புறம் ருசி மேசை. ஒவ்வொரு கோப்பையிலும் 8 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொரகொரப்பான தூள், 150 மில்லி வெந்நீர். தண்ணீர் 93 டிகிரி இருக்க வேண்டும். ஏற்காட்டு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் இறக்கியதும் ஊற்றினால் சரியாக இருக்கிறது. சேலத்தில் செய்பவர்கள் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்ற வேண்டும். 4 நிமிடம் தொடாமல் விட்டால் மேலே ஆடை மாதிரி தூள் கட்டிக்கொள்ளும். மூக்கைக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கரண்டியால் அந்த ஆடையை உடைக்கும்போது வரும் வாசனை இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு தடவை மலை ஏறுவேன். நுரையை வழித்துவிட்டு, வாய் பொறுக்கும் சூடு வரும்வரை காத்திருந்து, கரண்டியில் எடுத்துச் சத்தம் வர உறிஞ்ச வேண்டும். காற்றோடு சேர்ந்து போனால்தான் வாசனை மூக்கின் பின்பக்கம் ஏறும்.

மேசையில் சுவைகளின் பெயர் எழுதிய வட்ட அட்டை ஒன்று இருந்தது. அதில் இருந்த பழங்களில் பாதி எங்களில் யாரும் தின்றறியாதவை. ஊற்றிக் கொடுத்தவர் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "உங்க நாக்குக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க" என்றார். முதல் கோப்பையில் கமலா ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் தெறிக்கும் வாசனை. இரண்டாவதில் வறுத்த நிலக்கடலை. மூன்றாவதில் பனங்கற்கண்டு, குடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது. ஐந்தாவது, தோலோடு காயவைத்தது. ஒரு நிமிடம் எல்லோரும் பேசாமல் இருந்தோம். பிறகு 3 பேர் ஒரே நேரத்தில் "இலந்தவடை!" என்றோம். பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்ற அதே புளிப்பும் இனிப்பும். அங்கேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டாவது தோட்டம் சிறியது, ஒரு தம்பதி நடத்துகிறார்கள். எஸ்.795, காவேரி என்று 2 ரகங்களை ஒரே முறையில் கழுவிக் காயவைத்து, ஒரே பதத்தில் வறுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ரகம் மாறினாலே இவ்வளவு மாறுமா என்று தோன்றியது. எஸ்.795 வாயில் நிதானமாக நின்றது. காவேரி சட்டென்று வந்து சட்டென்று போனது. எனக்கு முதலாவதுதான் பிடித்தது, மனைவிக்கு இரண்டாவது.

மூன்றாவது இடம் ஏமாற்றம். பெயர் வேண்டாம். பழைய வறுவல், அட்டைப்பெட்டி வாசம். "சுத்தமான தோட்டத்துக் காபி" என்று தூள் விற்றார்கள், கால் கிலோ வாங்கி வந்தோம். வீட்டில் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் தூவினேன். காபித் தூள் மிதக்க வேண்டும். இதில் பெரும்பங்கு உடனே மூழ்கி, பழுப்புக் கோடாகச் சாயம் இறங்கியது. சிக்கரி கலப்பதில் தப்பில்லை, கலந்ததைச் சொல்லாமல் விற்பதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இப்படிப் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். தோட்டக்காரர்கள் இருந்தால் இன்னும் சந்தோஷம்.


ராத்திரிஷிஃப்ட் (கிச்சிப்பாளையம்) | ஞாயிறு, காலை 9.25

நல்லா எழுதியிருக்கீங்க அண்ணே. ஆனால் ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் வீட்டில் 40 வருடமாக 80 பங்கு காபிக்கு 20 பங்கு சிக்கரிதான். அப்பா காலை 5 மணிக்கு எழுந்து டிகாஷன் இறக்குவார். கறந்த பால், நுரை, டபரா. அதுதான் எங்களுக்குக் காபி. பாலில்லாமல் உறிஞ்சினால்தான் காபி தெரியும் என்று சொன்னால், இத்தனை வருடம் அப்பா குடித்தது என்ன? வெளிநாட்டு வழக்கத்தை நம் தலையில் ஏற்றிக்கொள்கிறோமோ என்று பயமாக இருக்கிறது.


டபராசெட் | ஞாயிறு, காலை 10.05

தம்பி, என் பெயரைப் பாருங்கள். நானும் ஃபில்டர் காபியில் வளர்ந்தவன்தான், இன்றைக்குக் காலையிலும் அதைத்தான் குடித்தேன். சொல்ல வந்தது வேறு. மலையிலிருந்து இறங்கியதும் எல்லாத் தோட்டத்துக் கொட்டையும் ஒரே மூட்டையில் கலந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நல்ல வறுவல், நல்ல பால் எல்லாம் சேர்ந்து நல்ல காபி ஆகிறது, சரி. ஆனால் அந்த மேட்டின் ருசி என்ன என்பதைக் குடிக்கிற நாமும் அறியவில்லை, விளைவிக்கிறவருக்கும் அது போய்ச் சேரவில்லை. ஒரு தடவையாவது தனியாக ருசி பார்த்தால்தான் எதைப் பாலில் கலக்கிறோம் என்று தெரியும்.

நேற்று வாங்கியதை இன்று ஃபில்டரிலும் போட்டுப் பார்த்தேன். ஆரஞ்சுத் தோல் வாசம் பாலில் அடியோடு காணாமல் போனது. இளவறுவல் என்பதால் பாலோடு சேர்ந்து லேசாகப் புளித்தது, நன்றாகவே இல்லை. பனங்கற்கண்டு சொன்னேனே, அந்தக் கொட்டை மட்டும் பாலையும் தாண்டி நின்றது. அதை இன்னும் கொஞ்சம் கருக்க வறுத்தால் உங்கள் அப்பாவுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.


பழையகரண்டி (சூரமங்கலம்) | ஞாயிறு, பகல் 12.40

காபி தரம் பார்க்கிற வேலையில் 22 வருடம் இருந்தேன். இப்போது ஓய்வு. சில விஷயங்கள் சொல்கிறேன், தம்பிமார் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

14 கோப்பை பழக்கமில்லாதவர்களுக்கு அதிகம். காலையில் 5, மதியம் 4 போதும். நீங்கள் ருசி பார்த்த அரபிகா இனத்தில் ரொபஸ்டா இனத்தைவிடக் காஃபின் ஏறக்குறைய பாதிதான் என்றாலும் அத்தனையும் விழுங்கினால் ராத்திரி தூக்கம் வராது. துப்புவது அவமரியாதை இல்லை. ஒயின் ருசி பார்ப்பவர்களும் அதையேதான் செய்கிறார்கள். நடுவில் வெதுவெதுப்பான தண்ணீர் குடியுங்கள், ஐஸ் தண்ணீர் நாக்கை மரக்கவைத்துவிடும்.

முக்கியமாக, கோப்பை ஆறும்வரை காத்திருங்கள். சூட்டில் எல்லாக் காபியும் நல்ல காபிதான். வெதுவெதுப்புக்கு வந்த பிறகு இனிப்பு கூடினால் அது நல்ல கொட்டை. ஆறியதும் கயிறு நனைந்த வாசம், மண் வாசம், மருந்து வாசம் வந்தால் எங்கேயோ காயவைத்ததில் கோளாறு. தொட்டியில் அதிகம் ஊறின ஒரு கைப்பிடிக் கொட்டை ஒரு மூட்டையையே கெடுக்கும். இதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

சிக்கரி பற்றி: கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், எவ்வளவு சிக்கரி என்று உறையில் அச்சிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதனால் எழுதாமல் விற்றது தவறு. தண்ணீரில் தூவிப் பார்த்தது சரியான சோதனை.

இன்னொன்று. நம் சேர்வராயன் மலைக் காபிக்கென்று காபி வாரியம் தனிச் சின்னமே வைத்திருக்கிறது, குடகு, நீலகிரி, பழனி மலைக்கெல்லாம் இருப்பது போல. சேலத்திலேயே எத்தனை பேருக்கு அது தெரியும்? ராத்திரிஷிஃப்ட் தம்பி கேட்டதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ருசி பார்ப்பது குடிப்பதற்கு மாற்று கிடையாது. அரிசி வாங்கும்போது ஒரு பருக்கையைக் கடித்துப் பார்க்கிறோம் இல்லையா, அது மாதிரி.


செம்மநத்தத்துக்காரன் | ஞாயிறு, இரவு 8.50

நாள் முழுக்கத் தோட்டத்தில். இப்போதுதான் படித்தேன். எங்களுக்கு 3 ஏக்கர். காபி, நிழலுக்குச் சில்வர் ஓக், அதில் ஏற்றின மிளகு, ஓரத்தில் பலா, ஆரஞ்சு.

இருநூறு வருடம் என்று நண்பர் சொன்னது சரிதான். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காபி கொண்டுவந்தார். கிரேஞ்ச் எஸ்டேட் அவர் காலத்துப் பெயர். பெரிய எஸ்டேட்டுகளின் கதையை எல்லோரும் எழுதுகிறார்கள். என்னைப் போல 2 ஏக்கர், 3 ஏக்கர் வைத்திருக்கும் மலையாளிக் குடும்பங்கள் இந்த மலையில் நிறைய. (சமவெளி நண்பர்களுக்காக: நாங்கள் கேரளாக்காரர்கள் இல்லை, இந்த மலையின் பழங்குடி.) எங்களிடம் பல்பர் கிடையாது. பறித்ததைக் களத்தில் அப்படியே காயவைத்து மூட்டை போட்டு வியாபாரிக்குக் கொடுப்போம். நீங்கள் இலந்தவடை என்று எழுதியதைப் படித்ததும் என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாங்கள் வசதியில்லாமல் செய்வதும் தோலோடு காயவைப்பதுதான். ஆனால் நல்ல ருசி வர வேண்டுமென்றால் சிவந்த பழத்தை மட்டும் பொறுக்கி, மெல்லிசாகப் பரப்பி, ஒரு நாளைக்குப் பல தடவை கிளறிவிட்டு, பனி விழுமுன் மூடி வைக்க வேண்டும். 3 வாரம் இந்த வேலை.

பழம் ஒரே நாளில் சிவக்காது. கார்த்திகையிலிருந்து மாசி வரை ஒரே செடிக்கு நாலைந்து தடவை போக வேண்டும். ஆள் கிடைக்காத வருடம் பச்சையும் சிவப்பும் சேர்த்து உருவிவிடுகிறோம். ஏறக்குறைய 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ கொட்டை. அதையும் வியாபாரி எடைக்குத்தான் வாங்குகிறார். பொறுக்கிப் பறித்ததற்கும் உருவினதற்கும் ஒரே விலை என்றால் எவன் பொறுக்குவான்? சொல்லுங்கள்.

2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. பிரேசிலில் வறட்சி. அந்தச் செய்தியைப் பார்த்து ஊரில் உறவுக்காரர்கள் எல்லாம் போன் போட்டார்கள். எங்கள் தோட்டத்தில் அந்த வருடம் நாலில் ஒரு செடி தண்டுத் துளைப்பானுக்குப் போயிருந்தது. வண்டு பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும், புழு உள்ளேயே குடைந்துகொண்டு போகும். தண்டில் வரப்பு மாதிரி மேடு தெரியும், இலை மஞ்சளாகும். அப்புறம் பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. வெயில் நேராக விழுகிற செடியைத்தான் அது தேடி வரும். அதனால்தான் நிழல் மரத்தை வெட்டாதே என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். வண்டு பறக்கும் மாதங்களுக்கு முன்னால் தண்டைச் சாக்கு வைத்துத் தேய்த்து வழவழப்பாக்குவோம். முட்டை வைக்க வெடிப்பு இருக்காது. 3 ஏக்கரில் ஒவ்வொரு செடியையும் கையால் தேய்ப்பது என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

வருகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. களத்தில் காயும் காபி மேல் செருப்போடு ஏறாதீர்கள். போன மாதம் போட்டோவுக்காக ஒருவர் ஏறினார். ஒன்றும் சொல்ல முடியவில்லை, விருந்தாளி.


கரும்பலகை (ஓமலூர்) | திங்கள், காலை 6.30

இந்த இழையில் எனக்குப் பிடித்தது சொற்கள். நானும் ஒரு மூட்டை கொண்டுவருகிறேன்.

காபிக்காரர்கள் உயர்வாகச் சொல்லும் அந்தத் துள்ளலான சுவையைத் தமிழில் "புளிப்பு" என்று சொன்னதும் நமக்கு முகம் சுருங்குகிறது. ஆனால் நம்மிடம் ஒரே புளிப்பா இருக்கிறது? எலுமிச்சைப் புளிப்பு வேறு, மாங்காய்ப் புளிப்பு வேறு, பழைய புளியின் புளிப்பு வேறு, புளித்த மோர் வேறு. முதல் இரண்டும் நல்ல காபியில் வரலாம். கடைசி வந்தால் ஊறல் கெட்டது என்று பழையகரண்டி அக்கா சொல்வார் என்று நினைக்கிறேன். வாயில் நிற்கும் கனத்துக்கு: ரசம் மாதிரி ஓடுகிறது, கஞ்சித் தண்ணீர் மாதிரி நிற்கிறது. குடித்த பிறகு வரும் இனிப்புக்கு: நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்த மாதிரி. நாக்கைப் பிடிக்கும் துவர்ப்புக்கு: வாழைப்பூ, இளம் கொய்யா. இத்தனை நம்மிடம் இருக்கும்போது, பார்த்தறியாத பழத்தின் பெயரை ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்?


பழையகரண்டி | திங்கள், காலை 8.15

கரும்பலகை ஐயா, புளித்த மோர் விஷயத்தில் நூற்றுக்கு நூறு சரி. நாங்கள் வேலையில் இருந்தபோது ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஆனால் எங்களுக்குள் பேசும்போது "இது ஊறுகாய் ஜாடிடி" என்று ஒரு சொல்லில் முடித்துக்கொள்வோம். வேறு விளக்கமே வேண்டாம்.


இரண்டுபிள்ளைகள் (கொண்டலாம்பட்டி) | திங்கள், காலை 11.00

பிள்ளைகளுக்கு 9, 6 வயது. மாமியாரும் வருவார். பஸ்ஸில் போகலாமா? அவர்களுக்கு அங்கே என்ன இருக்கும்?


டபராசெட் | திங்கள், பகல் 1.30

சேலத்திலிருந்து ஏற்காடுக்கு நிறைய பஸ் இருக்கிறது, 30 கிலோமீட்டர்தான். மேலே போய் ஆட்டோ வேண்டும், தோட்டங்கள் ஊருக்கு வெளியே. தோட்டக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். வளைவு ஒத்துக்கொள்ளாதவர்கள் குப்பனூர் வழியாகக் காரில் போனால் கொஞ்சம் பரவாயில்லை. பிள்ளைகளுக்குப் பழம் பறிக்கவும் பல்பரில் கொட்டை துள்ளி விழுவதைப் பார்க்கவும் ரொம்பப் பிடிக்கும். பங்குனி சித்திரையில் காபியைப் பூக்கவைக்கும் பூ மழை பெய்து ஒரு வாரம் பத்து நாள் கழித்துப் போனால் மலையே வெள்ளையாக, மல்லிகை வாசமாக இருக்கும். மூன்று நாலு நாள்தான் நிற்கும். மாமியாரை அப்போது கூட்டிப்போங்கள்.

ராத்திரிஷிஃப்ட் தம்பி, ஐந்து ரோடு பக்கம் வந்தால் சொல்லுங்கள். இரண்டு பொட்டலம் தருகிறேன்.


ராத்திரிஷிஃப்ட் | அடுத்த ஞாயிறு, காலை 8.00

அண்ணே கொடுத்த இரண்டு, நம் கடையில் அரைத்த பீபெரி (பழத்துக்குள் ஒற்றையாக உருண்டு விளையும் கொட்டை) ஒன்று, வீட்டு 80-20 ஒன்று. நாலு டம்ளர் வைத்து, எது எது என்று சொல்லாமல் அப்பா முன்னால் வைத்தேன். அப்பா உருக்காலையில் இருந்து ஓய்வு பெற்றவர், பாலில்லாத காபியை ஜுரத்துக்குக் கூடக் குடித்ததில்லை.

முதலில் வீட்டுக் காபியை முகர்ந்த உடனே சொல்லிவிட்டார். "சிக்கரி. இது நம்மளது." பீபெரிக்குத் தலையை ஆட்டினார். ஆரஞ்சு வாசக் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது டீ மாதிரி இருக்கு, எனக்கு வேண்டாம்" என்றார். நாலாவது டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. ஆறட்டும் என்று பழையகரண்டி அக்கா எழுதியதைப் படித்துக் காட்டியிருந்தேன், அதனால் காத்திருந்தார். அப்புறம், "எங்க ஆத்தா கருப்பட்டி போட்டுக் குடுக்குமே அந்தக் காபி" என்றார். நான் அதில் எதையும் போடவில்லை. மீதியை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.

பாலைப் பற்றி நான் கேட்டது இன்னும் என் மனதில் அப்படியேதான் இருக்கிறது. நாளைக் காலை 5 மணிக்கு 80-20 தான் இறங்கும். ஆனால் செம்மநத்தத்து அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். பொறுக்கிப் பறித்துக் காயவைத்த கொட்டை உங்களிடம் தனியாக 2 கிலோ கிடைக்குமா? வியாபாரி விலைக்கு வேண்டாம். நீங்கள் சொல்கிற விலை.


செம்மநத்தத்துக்காரன் | ஞாயிறு, இரவு 9.20

இந்த வருடம் மேல்மேட்டில் நாவல் மரத்தடியில் 40 செடி மட்டும் பொறுக்கிப் பறிக்கலாம் என்று நேற்றுதான் வீட்டில் பேசினோம். கடைசிப் பறிப்பு இன்னும் பாக்கி. காய்ந்து, தோல் குத்தி எடுக்க மாசி முடியும். வறுக்காத கொட்டையாகத் தருகிறேன், உங்கள் கடையில் அப்பாவுக்குப் பிடித்த பதத்தில் வறுத்துக்கொள்ளுங்கள்.

மூட்டையில் என்ன எழுத வேண்டும்? இதுவரை எடையைத் தவிர எதுவும் எழுதியதில்லை. "நாவல் மரத்து மேடு" என்று எழுதட்டுமா?